நீ, நீர், நீங்கள்: தமிழ்நாட்டில் மரியாதையின் வரலாறு

'மரியாதை' என்ற சொல் 'மர்யாதா' என்ற வடமொழிச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது. வடமொழியில் அதன் அடிப்படைப் பொருள் எல்லை, கரை, வரம்பு என்பதாகும். தமிழில் இச்சொல் மதிப்பு, பணிவு, உபசாரம், கோயிலில் அளிக்கப்படும் பரிவட்டம் என்று பல பொருள்களுக்கு விரிந்தது. ஆனாலும் எல்லை என்ற பழைய பொருள் அதை விட்டு நீங்கவில்லை. யார் வரும்போது யார் எழுந்து நிற்பது, யாரை எப்படி அழைப்பது, யார் எந்த வாசலோடு நின்றுவிடுவது என்பதையெல்லாம் வகுத்தது மரியாதைதான்.

'இந்தக் காலத்தில் யாருக்கும் மரியாதை தெரிவதில்லை' என்பது முதியவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை. அந்தக் குறையைத் தமிழ்நாட்டு வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் கலந்து கிடப்பது தெரியவரும். வந்தவரை வரவேற்று, அவர் மனம் கோணாமல் நடந்துகொள்வது ஒன்று. மேல் கீழ் என்ற வரிசையை ஒவ்வொரு அசைவிலும் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற கட்டளை மற்றொன்று. கடந்த இருநூறு ஆண்டுகளில் பெரிதும் உடைந்தது இரண்டாவதுதான். அது உடைந்ததைக் கண்டவர்களில் பலர் முதலாவதும் போய்விட்டதாகவே வருந்தினார்கள்.

ஒருமையும் பன்மையும்

சங்க காலத் தமிழில் 'நீ' என்பது ஒருவரையும், 'நீயிர்', 'நீவிர்', 'நீர்' என்பவை பலரையும் குறித்தன. புறநானூற்றில் புலவர்கள் வேந்தர்களை நேருக்கு நேர் 'நீ' என்றே அழைத்துப் பாடினர். அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. பரிசில் கேட்டு வந்தவர் அரசனை ஒருமையில் அழைப்பதும், அரசன் அதை இயல்பாக ஏற்பதும் இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கும். பக்திப் பாடல்களிலும் இறைவன் பெரும்பாலும் 'நீ'தான்.

ஒருவரை உயர்த்துவதற்காகப் பன்மையில் சொல்லும் வழக்கமும் அக்காலத்திலேயே தோன்றிவிட்டது. தொல்காப்பியம் அதைக் குறிப்பிடுகிறது. ஒருவரைப் பன்மைச் சொல்லால் குறிப்பது வழக்கில் உள்ள உயர்வுச் சொல்லே தவிர இலக்கண முறைப்படி அமைந்ததன்று என்பது அதன் கருத்து. அதாவது பேச்சில் மரியாதைப் பன்மை முதலில் நிலைபெற்றது. இலக்கணம் பின்னால் வந்து அதற்கு இடம் ஒதுக்கியது. பிற்காலத்தில் நன்னூல், உவப்பு, உயர்வு, சினம், இழிப்பு போன்ற காரணங்களால் திணையும் பாலும் மாறி வரலாம் என்று பொதுவாகவே ஏற்றுக்கொண்டது.

இதற்குப் பின் நடந்தது பணவீக்கத்தைப் போன்றது. 'அவர்' என்பது பலரைக் குறித்த சொல். அது மதிப்புக்குரிய ஒருவரைக் குறிக்கத் தொடங்கியதும் பலரைச் சுட்ட வேறு சொல் தேவைப்பட்டது. 'கள்' சேர்த்து 'அவர்கள்' என்றனர். பிறகு அந்த 'அவர்கள்' என்பதும் ஒருவர் பெயருக்குப் பின்னால் ஒட்டும் மரியாதைச் சொல்லாயிற்று. திருமண அழைப்பிதழிலும் மேடைப் பேச்சிலும் ஒரே ஒருவர் இன்று 'அவர்கள்' ஆகிறார். இரண்டாம் இடத்திலும் இதே கதைதான். 'நீர்' ஒருவருக்குரிய மரியாதைச் சொல்லாகிப் பின்னர் தேய, 'நீங்கள்' அதன் இடத்துக்கு வந்தது. 'நீங்கள்' எல்லோருக்கும் உரியதானபோது கடிதத்திலும் மேடையிலும் 'தாங்கள்' தேவைப்பட்டது.

தேய்ந்த 'நீர்' முற்றிலும் மறையவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சில் 'நீரு', 'வாரும்' என்ற வடிவங்கள் உண்டு. யாழ்ப்பாணத் தமிழில் நீ, நீர், நீங்கள் என்ற மூன்று படிகளும் வழக்கில் நின்றன. ஒத்த வயதினருக்கிடையிலும் கணவன் மனைவிக்கிடையிலும் 'நீர்' இயல்பாக வரும். கிறித்தவத் திருமறை மொழிபெயர்ப்பில் கடவுளை 'நீர்', 'தேவரீர்' என்று அழைப்பதைக் காணலாம். இப்படி ஒரே மொழியில் கோயிலுக்குள் 'நீ' என்றும் தேவாலயத்துக்குள் 'நீர்' என்றும் கடவுள் அழைக்கப்படுகிறார்.

படர்க்கையில் இன்னொரு நுட்பமும் உண்டு. இளம்பெண்ணை 'அவள்' என்றால் கடுமையாகவும், 'அவங்க' என்றால் அளவுக்கு மிஞ்சியதாகவும் தோன்றும் இடத்தில் பேச்சுத்தமிழ் அஃறிணைக்குப் போய்விடும். 'பொண்ணு வந்துச்சு', 'அது நல்லாப் படிக்கும்' என்பதில் இழிவு இல்லை, பாசமே உண்டு. இலக்கணம் சொன்ன உவப்பு என்ற காரணம் இன்றும் பேச்சில் செயல்படுகிறது.

நூல்கள் சொன்னவை

திருக்குறளில் விருந்தோம்பல், இனியவை கூறல், செய்ந்நன்றி அறிதல் ஆகிய மூன்றும் 9, 10, 11 ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து வருகின்றன. பண்புடைமை 100 ஆவது அதிகாரம். அனிச்சப்பூ முகர்ந்தால் வாடும், விருந்தினரோ நாம் முகம் மாறிப் பார்த்தாலே வாடிவிடுவர் என்ற கருத்து விருந்தோம்பலில் வருகிறது. 'நாகரிகம்' என்ற சொல்லைக் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் பயன்படுத்துகிறார். பழகியவரின் மனம் நோகக் கூடாது என்ற நயமே அங்கு அதற்குப் பொருள். இவற்றில் யாருக்கு என்ற வரிசை பேசப்படவில்லை.

அதே பதினெண்கீழ்க்கணக்கில் உள்ள ஆசாரக்கோவை வேறு வகை நூல். பெருவாயின் முள்ளியார் இயற்றிய இந்நூலின் 100 வெண்பாக்களும் எழுவது, குளிப்பது, உண்பது, உறங்குவது என்று நாள் முழுவதற்கும் விதிகளைச் சொல்கின்றன. விருந்தினருக்கும் மூத்தவருக்கும் பிள்ளைகளுக்கும், பசுவுக்கும் பறவைக்கும்கூட உணவு கொடுத்த பிறகே தான் உண்ண வேண்டும் என்கிறது ஒரு பாடல். பெரியவர் முன் சிரிப்பது, கொட்டாவி விடுவது, தும்முவது, காறி உமிழ்வது கூடாது என்கிறது மற்றொன்று. இவற்றை இன்றும் எந்த வீட்டிலும் சொல்லித் தரலாம். நல்ல காரியத்துக்குப் புலையரிடம் நாள் கேட்கக் கூடாது, அந்தணரிடம்தான் கேட்க வேண்டும் என்றும் அதே நூல் சொல்கிறது. உபசாரமும் விலக்கும் ஒரே நூலின் அடுத்தடுத்த பக்கங்களில் எந்த உறுத்தலும் இல்லாமல் இருந்தன. வாழ்க்கையிலும் அப்படித்தான் இருந்தன.

வாசலில் தொடங்கும் உபசாரம்

தமிழ் மரியாதையின் பெரும்பகுதி சொற்களில் இருப்பதைவிடச் செயல்களில் இருந்தது. 'நன்றி' என்ற சொல் பழந்தமிழில் ஒருவர் செய்த நன்மையைக் குறித்தது. உதவி பெற்றவுடன் வாயால் சொல்லும் சொல்லாக அது பரவியது அண்மைக் காலத்தில்தான். 'தயவுசெய்து' என்பதும் அன்றாடப் பேச்சில் அரிதாகவே வரும். அதன் வேலையை 'கொஞ்சம் தாங்களேன்' என்பதில் உள்ள 'கொஞ்சம்' என்ற சொல்லும் 'ஏ' என்ற ஓசையும் செய்துவிடுகின்றன. ஆங்கிலம் படித்தவர்கள் சிலர், தமிழருக்கு நன்றி சொல்லத் தெரியாது என்று கருதியதற்கு இந்த வேறுபாடு ஒரு காரணம்.

வீட்டுக்கு வருபவரை 'வாங்க' என்று கேட்பது முதல் கடமை. சண்டையிட்டுப் பேச்சு நின்றுபோன உறவினர் வந்தாலும் அந்த ஒரு சொல்லைத் தவறவிடக் கூடாது. 'வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை' என்ற மனக்குறை பல குடும்பங்களில் ஆண்டுக்கணக்கில் நீடித்திருக்கிறது. அடுத்தது செம்பில் தண்ணீர். பிறகு 'சாப்பிட்டீங்களா' என்ற கேள்வி. விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்லக் கூடாது. 'போயிட்டு வரேன்' என்றே சொல்ல வேண்டும். கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால். தெரியாமல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பந்தியில் பக்கத்தில் இருப்பவர் உண்டு முடிக்கும் முன் எழக் கூடாது. திருமணத்துக்கு அழைக்க நேரில் சென்று, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் வைத்துப் பத்திரிகை கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பினால் குறை. இன்று வாட்ஸ்அப்பில் அனுப்புவது அதைவிடப் பெரிய குறையாகப் பேசப்படுகிறது.

இந்தப் பண்பில் உண்மையான அன்பும் கவனமும் இருந்தன என்பதில் ஐயமில்லை. சத்திரங்களும் கோடைக்காலத் தண்ணீர்ப் பந்தல்களும் இதன் நீட்சிகளே. ஆனால் வருபவர் எல்லோரும் ஒரே வாசலுக்கு வரவில்லை. வயலில் உழைத்தவர் வந்து நின்றது பெரும்பாலும் கொல்லைப்புறத்தில். அவருக்குச் செம்பு நீட்டப்படவில்லை. குவித்த கைகளில் மேலிருந்து நீர் ஊற்றப்பட்டது. அறுபது வயது முதியவரை ஆண்டையின் எட்டு வயது மகன் 'டேய்' என்று அழைத்தான். முதியவர் அவனைச் 'சின்ன எசமான்' என்றார். அக்கால வழக்கில் மரியாதை தெரிந்தவர் என்று பெயர் பெற்றவர் அந்த முதியவரே. அந்தச் சிறுவனை யாரும் மரியாதை கெட்டவன் என்று சொல்லவில்லை.

பேச்சில் இருந்த இந்த ஏற்றத்தாழ்வு உலக மொழியியலிலும் பதிவாகியுள்ளது. பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகிய இருவரும் 1978 இல் வெளியிட்டு, 1987 இல் தனி நூலாக வந்த மரியாதைக் கோட்பாடு, மொழியியல் மாணவர்கள் பெரும்பாலும் படிக்கும் ஒன்று. அதற்குச் சான்று தந்த மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். மற்ற இரண்டு ஆங்கிலமும் மெக்சிகோவின் செல்தால் மொழியும். லெவின்சன் தமிழ்ச் சான்றுகளைத் திரட்டியது கோயம்புத்தூர் மாவட்டக் கிராமம் ஒன்றில். சரிங்க, இல்லீங்க, ஏனுங்க என்று எதற்கும் 'ங்க' சேர்க்கும் கொங்குத் தமிழ், மரியாதைக்குப் பெயர் பெற்றது. சாதிகளுக்கிடையே ஒரு பக்கம் 'நீங்க'வும் மறுபக்கம் 'நீ'யும் செல்வதை அந்த மண்ணிலிருந்தே அவர் பதிவுசெய்தார்.

துண்டும் செருப்பும் குடையும்

உடலும் உடையும் மரியாதையின் மொழியாகவே இருந்தன. பெரியவரைக் கண்டதும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவது இன்றும் உள்ள வழக்கம். முன்பு இதோடு நிற்கவில்லை. தோளில் உள்ள துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும், அல்லது அக்குளில் இடுக்க வேண்டும். மேல்சாதித் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். குடை விரிக்கக் கூடாது.

தென் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார் முதலான சாதிப் பெண்கள் மார்பை மறைப்பது மேல்சாதியினருக்குச் செய்யும் அவமரியாதை என்று கருதப்பட்டது. மார்பைத் திறந்திருப்பதே பணிவு. கிறித்தவ சமயத்துக்கு மாறிய பெண்கள் மேலாடை அணியத் தொடங்கியதும் கலவரங்கள் மூண்டன. தோள்சீலைப் போராட்டம் என்று அறியப்படும் இது 19 ஆம் நூற்றாண்டின் முதற்பாதி முழுவதும் விட்டுவிட்டு நடந்தது. சென்னை மாகாண அரசின் அழுத்தத்துக்குப் பின் 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மன்னர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அதன்படி நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் மட்டும் உடுத்தக் கூடாது. உரிமை கிடைத்தபோதும் எல்லைக்கோடு அழிக்கப்படவில்லை, கொஞ்சம் தள்ளி வரையப்பட்டது.

எழுபது ஆண்டுகள் கழித்து, 1930 டிசம்பரில், ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர் மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் அவற்றைப் பதிவுசெய்துள்ளார். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. கிராப் வெட்டக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பதும் அவற்றில் சேர்ந்தது. மீறியவர்கள் தாக்கப்பட்டனர், குடிசைகள் எரிக்கப்பட்டன. இந்தத் தடைகள் எல்லாமே அன்றாட ஒழுக்கம் பற்றியவை என்பது கவனிக்கத்தக்கது. இதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக உட்காரலாம் என்ற சமஆசனத் திட்டத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு பெஞ்சில் உட்காருவது அங்கே ஊர்ப் பிரச்சினையாகியது.

நாகசுரக் கலைஞர்களின் தோள் துண்டும் இந்த வரலாற்றில் வருகிறது. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டுடன் வாசித்தபோது அதை எடுக்கச் சொன்னார்கள். எடுக்க வேண்டாம் என்று அவருக்குத் துணைநின்றவர் சுயமரியாதை இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரி. இச்சம்பவம் இயக்க வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது. வியர்வை துடைக்கும் ஒரு துணிக்காக ஊரே திரண்டது என்றால், அது வெறும் துணியாக யாருக்கும் தோன்றவில்லை என்றே கொள்ள வேண்டும்.

சுயமரியாதையும் புதிய விளிச்சொற்களும்

பெரியார் 1925 இல் 'குடி அரசு' இதழைத் தொடங்கினார். அவருடைய இயக்கம் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயரிலேயே மரியாதை என்ற சொல் இருந்தது. அதுவரை மரியாதை என்பது மேலிருப்பவருக்குக் கீழிருப்பவர் செலுத்துவது. அதன் முன்னால் 'சுய' என்ற சொல்லைச் சேர்த்ததும் திசை மாறியது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கத் தீர்மானித்தது. தமிழ்நாட்டில் இன்று பெயருக்குப் பின் சாதிப் பெயர் அரிதாக இருப்பதற்கு இதுவே தொடக்கம். 1932 இல் சோவியத் நாட்டுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்று திரும்பிய பெரியார், ஸ்ரீ, மகாராஜராஜஸ்ரீ போன்ற அடைகளுக்குப் பதிலாகத் 'தோழர்' என்று எழுதும்படி கேட்டுக்கொண்டார். சிறு பிள்ளைகளையும் அவர் 'வாங்க, போங்க' என்றே அழைத்ததை அவருடன் பழகியவர்கள் வியப்போடு எழுதியிருக்கிறார்கள். கடுமையான மேடைப் பேச்சால் பண்பாடு தெரியாதவர் என்று எதிரிகளால் ஏசப்பட்டவரின் அன்றாடப் பழக்கம் இப்படி இருந்தது.

'கும்பிடுறேன் சாமி' என்ற வழக்கமும், படித்தவர் வட்டத்தின் 'நமஸ்காரம்' என்பதும் பின்வாங்க, 'வணக்கம்' பொதுச்சொல்லாயிற்று. இருவரும் ஒரே சொல்லை ஒருவருக்கொருவர் சொல்லலாம் என்பதே அதன் புதுமை. 1967 இல் ஆட்சிக்கு வந்த அண்ணாதுரையின் அரசு ஸ்ரீ, ஸ்ரீமதி என்பவற்றுக்குப் பதிலாகத் திரு, திருமதி என்பவற்றை அரசு வழக்காக்கியது. ஆனால் அரசியல் மேடை சமத்துவத்தோடு நிறைவடையவில்லை. மாண்புமிகு, மாண்பமை, மேதகு என்று அடைகள் பெருகின. ஒரு தலைவரின் பெயருக்கு முன் பட்டங்களை மட்டுமே சில நிமிடங்கள் அடுக்கும் வழக்கம், மரியாதை குறைந்துவிட்டது என்று சொல்லப்படும் அதே காலத்தில்தான் வளர்ந்தது.

பேச்சுவழக்கில் வென்றது 'சார்'. ஆசிரியர், நடத்துநர், அலுவலர், முன்பின் தெரியாதவர் எல்லோரும் 'சார்'. தமிழ் ஆர்வலர்களுக்கு இது உவப்பில்லை. ஆனால் ஐயர், முதலியார், கவுண்டர், பிள்ளைவாள் என்று சாதியைச் சொல்லியே மதிப்பளிக்க வேண்டியிருந்த ஊரில், சாதி தெரியாமலே மதிப்பளிக்க உதவிய சொல் அதுவே. இன்னொரு பக்கம் உறவுப்பெயர்கள் கடைத்தெருவுக்கு வந்தன. ஆட்டோ ஓட்டுநர் 'அண்ணே', காய்கறி விற்பவர் 'அக்கா', வயதானவர் 'ஐயா', 'அம்மா'. அறிவிப்புப் பலகைகளோ 'வரிசையில் நிற்கவும்', 'காலணிகளை வெளியே விடவும்' என்று ஒருமையும் இல்லாத பன்மையும் இல்லாத வடிவத்தில் தப்பித்துக்கொண்டன.

வீட்டுக்குள்

குடும்பத்தில் மாற்றம் மெல்ல வந்தது. மனைவி கணவரைப் பெயர் சொல்லி அழைப்பது நீண்டகாலம் பெரும் பிழையாக இருந்தது. 'ஏங்க', 'இங்க பாருங்க' என்பவையே விளிச்சொற்கள். கணவர் பெயர் முருகன் என்றால் கோயிலில்கூட அப்பெயரைச் சொல்லாமல் 'சாமி' என்று சமாளித்த பெண்கள் உண்டு. கணவரோ மனைவியை 'வாடி, போடி' என்று அழைக்கலாம். அது உரிமை எனப்பட்டது. இன்று நகரங்களில் பல தம்பதிகள் ஒருவரையொருவர் 'நீ' என்றோ பெயர் சொல்லியோ அழைக்கிறார்கள். முதியவர்களுக்கு இது மரியாதைக் குறைவாகத் தெரிகிறது. மொழியியல் நோக்கில் பார்த்தால், ஒரு பக்கமாக மட்டும் சென்ற 'நீங்க' மறைந்து, இரு பக்கமும் செல்லும் 'நீ' வந்திருக்கிறது. சங்கப் பாடல்களில் தலைவியும் தலைவனை 'நீ' என்று அழைப்பதுண்டு.

மறைந்தவற்றில் வருந்தத்தக்கவையும் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர்வீட்டாரை 'வாங்க' என்று அழைக்க வாய்ப்பே வருவதில்லை. பேச்சின் நடுவே கைப்பேசியைப் பார்ப்பது, முகம் மாறி நோக்குவதைவிட விருந்தினரை வாட்டும். கொல்லைப்புற வாசல் மூடப்பட்டதற்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. குடும்பம் சிறுத்ததும் நேரம் குறைந்ததும் இவற்றின் காரணங்கள்.

சட்டத்தின் எல்லை

1955 இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976 இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்தும் நோக்கோடு அவமதிப்பதைத் தனிக் குற்றமாக்கியது. சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதை 2015 இன் திருத்தம் வெளிப்படையாகவே சேர்த்தது. நூற்றாண்டுகளாக மரியாதை என்ற பெயரில் நடந்தவற்றில் பல இவ்வாறு குற்றப் பட்டியலுக்கு வந்தன.

ஆயினும் 'பொதுமக்கள் பார்வையில்' என்ற சொற்றொடர் முக்கியமானது. நான்கு சுவர்களுக்குள், வெளியார் யாரும் இல்லாத இடத்தில் நடந்த அவமதிப்பு இந்தப் பிரிவின் கீழ் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020 இல் ஒரு வழக்கில் கூறியது. வயதில் மூத்த துப்புரவுத் தொழிலாளியையோ வீட்டு வேலை செய்பவரையோ 'நீ', 'வா', 'போ' என்று அழைப்பதைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. காவல் நிலையத்துக்குப் புகார் கொடுக்க வருபவர் 'நீங்க' ஆவதும் 'நீ' ஆவதும் பெரும்பாலும் அவர் அணிந்திருக்கும் உடையைப் பொறுத்தே இன்னும் முடிவாகிறது.